நைலான் கயிற்றில் குரோஷே: வலிக்கும் கை, வளையும் அடி, அவிழும் நுனி

நீங்கள் கேட்டது இதுதான்: கம்பளி நூலிலும் பருத்தி நூலிலும் நன்றாகவே குரோஷே, அதாவது கொக்கி ஊசிப் பின்னல், பின்னுவீர்கள். கைப்பை ஒன்று பின்னலாம் என்று நைலான் கயிற்றை எடுத்தால், பத்துச் சுற்றுக்குள் மணிக்கட்டு வலிக்கிறது. வட்டமான அடிப்பாகம் தட்டையாக உட்காராமல் கிண்ணம் மாதிரி மேலே வளைகிறது. உள்ளே செருகி மறைத்த நுனிகள் இரண்டு நாளில் வெளியே எட்டிப் பார்க்கின்றன. கயிறு சரியில்லையா, என் கை சரியில்லையா?

கயிறும் சரிதான், கையும் சரிதான். கம்பளியில் வந்த பழக்கத்தை அப்படியே நைலானுக்குக் கொண்டுவந்ததுதான் பிரச்சினை. கம்பளி நமக்காக இரண்டு வேலைகளைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும். அதனால் ஒரு கண்ணி (கொக்கியால் இழுத்துப் போடும் பின்னல் வளையம்) இறுக்கமாகவும் அடுத்தது தளர்வாகவும் விழுந்தாலும் துணி தானே சமன் செய்துகொள்ளும். அப்புறம், கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் செருகிய நுனி செருகிய இடத்திலேயே நிற்கும். நைலான் இழையோ கண்ணாடி மாதிரி வழவழப்பு. பளு தொங்கினால் நீளுமே தவிர, விரல் இழுக்கும் சின்ன இழுப்புக்கெல்லாம் அசையாது. நீங்கள் சொன்ன மூன்று தொல்லைகளும் இந்த இரண்டு குணங்களிலிருந்துதான் வருகின்றன.

முதலில் ஒரு சந்தேகம். உங்கள் கையில் இருப்பது நைலான்தானா? ‘நைலான் கயிறு’ என்ற பெயரில் பாலிப்ரொப்பிலீனும் பாலியெஸ்டரும் தாராளமாகப் புழங்குகின்றன. ஒரு சிறு துண்டை வெட்டி, சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கசக்கி உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் வெளியேற்றிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலிப்ரொப்பிலீன். அதன் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.91 கிராம்தான். நைலான் 1.14, பாலியெஸ்டர் சுமார் 1.38, இரண்டுமே மூழ்கும். காற்றை வெளியேற்றாமல் போட்டால் நைலானும் கொஞ்ச நேரம் மிதந்து உங்களை ஏமாற்றும். நெருப்பில் காட்டினால் பாலிப்ரொப்பிலீன் மெழுகுவர்த்தி வாசனையோடு உருகும்.

இதைத் தெரிந்துகொள்வது வீண் வேலை இல்லை. பாலிப்ரொப்பிலீன் ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். நைலானில் ஒரு வகை 220 டிகிரி வாக்கிலும், இன்னொரு வகை 260 டிகிரி வாக்கிலும் உருகும். அதாவது, நுனியைத் தீயில் காட்டி அடைக்கும்போது ஒன்று சட்டென்று ஓடிவிடும், மற்றது கொஞ்சம் அவகாசம் தரும். வெயிலில் கிடக்கப்போகிற பொருளென்றால் பாலியெஸ்டர்தான் மூன்றில் நல்லது. பாதுகாப்புச் சேர்மானம் இல்லாத பாலிப்ரொப்பிலீன் வெயில்பட்டுப் பட்டு நொறுங்க ஆரம்பிக்கும். நைலானும் நாளடைவில் பலம் குறைந்து மஞ்சளடிக்கும்.

நைலான்தான் என்று தெரிந்த பிறகு, கயிறு எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். என் கணக்கில் இது ஊசி எண்ணைவிட முக்கியம். மூன்று புரியாக முறுக்கிய கயிறு குரோஷேக்குத் தொல்லை பிடித்தது. ஊசியின் கொக்கி புரிகளுக்கு நடுவே புகுந்து பிளக்கும். போதாததற்கு, ஒவ்வொரு முறை சுற்றி இழுக்கும்போதும் முறுக்கு கொஞ்சம் கூடும் அல்லது குறையும். நூறு கண்ணிக்குப் பிறகு கயிறு பாம்பு மாதிரிச் சுருண்டுகொள்ளும், அல்லது புரி பிரிந்து நிற்கும். சடை மாதிரிப் பின்னிய கயிறில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. அதிலும் உள்ளே திரி வைத்துப் பின்னியது உருண்டையாக, விறைப்பாக இருக்கும். திரி இல்லாதது அழுத்தினால் தட்டையாகிக் கொடுக்கும். நாம் தேடுவது இந்த இரண்டாவதைத்தான். விரல்களுக்கு நடுவே வைத்து அழுத்திப் பாருங்கள். தட்டையானால் அது குரோஷேக்கு ஏற்றது.

மலையேறுபவர்களும் முகாமிடுபவர்களும் பயன்படுத்தும் பாராகார்ட் கயிறு பலருக்குக் கிடைக்கும். பாராசூட்டுக்காக உருவான கயிறு அது. ‘550’ வகை 4 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். 550 பவுண்டு, அதாவது சுமார் 250 கிலோ இழுவையைத் தாங்கும் என்பதால் அந்தப் பெயர். அதை அப்படியே பின்ன முயன்றால் கை கழன்றுவிடும். உள்ளே ஓடும் மெல்லிய இழைகளை உருவி எடுத்துவிட்டு வெறும் உறையை மட்டும் பின்னிப் பாருங்கள், நாடா மாதிரி அழகாக மடங்கும். உருவிய இழைகளையும் எறிய வேண்டாம், நுனிகளைத் தைக்க உதவும். ஆனால் உறைக்கு அந்த 250 கிலோ பலம் கிடையாது, அதை மறந்துவிடாதீர்கள்.

சரி, கை வலிக்கு வருவோம்.

கயிற்றின் தடிமனைப்போல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை உள்ள ஊசியை எடுங்கள். 2 மில்லிமீட்டர் கயிற்றுக்கு 3.5 அல்லது 4 எண் ஊசி, 3 மில்லிமீட்டருக்கு 5 அல்லது 5.5 (எண் என்று சொல்வது ஊசித்தண்டின் மில்லிமீட்டர் தடிமனை). கம்பளிக்குப் போடுவதைவிட ஒரு எண் பெரிதாகத் தெரியும், பரவாயில்லை. ஊசி உலோகமாக இருக்கட்டும். பிளாஸ்டிக் ஊசி வளையும், மெல்லிய மர ஊசி கழுத்தில் ஒடியும். பிடி மட்டும் தடித்து ரப்பர் போட்டதாக இருந்தால் நல்லது, ஏனென்றால் வலிக்குக் காரணம் பாதி நேரம் ஊசியை நசுக்கிப் பிடிப்பதுதான். பேனா பிடிப்பதுபோல் பிடிப்பவர்கள் கத்தி பிடிப்பதுபோல் மாற்றிப் பிடித்துப் பாருங்கள். அப்போது இழுக்கும் வேலையை விரல்கள் விட்டு முன்கை எடுத்துக்கொள்ளும்.

இடது கைதான் உண்மையான குற்றவாளி. கம்பளியில் ஆள்காட்டி விரலில் நூலைச் சுற்றி இறுக்கம் காப்போம். நைலானை அப்படிச் சுற்றினால் விரலில் கோடு கோடாகத் தோல் தேய்ந்துவிடும். சுற்றாமல் விரல்மேல் சும்மா ஓடவிடுங்கள். சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே மெதுவாகப் பிடித்தால் போதும். விரலுக்கு ஒரு துணி பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டால் இன்னும் சௌகரியம். கண்ணியை இறுக்க வேண்டிய அவசியமே இல்லை. கம்பளியில் துணி தளர்ந்துவிடுமோ என்று இறுக்கிப் பழகியிருப்போம். இங்கே கயிறே விறைப்பாக இருப்பதால் தளர்வாகப் போட்டாலும் பை நிற்கும். அடுத்த சுற்றில் ஊசி நுழையத் திணறினால், போன சுற்றை இறுக்கிவிட்டீர்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

தொடக்கச் சங்கிலி இறுகிப்போவது இன்னொரு வழக்கமான தொல்லை. அதை மட்டும் ஒரு எண் பெரிய ஊசியில் போட்டுவிட்டு, அடுத்த வரிசைக்குப் பழைய ஊசிக்குத் திரும்பலாம். உருண்டையை மடியில் வைத்துப் பின்னினால் நைலான் அவிழ்ந்து ஓடி, கொத்தாகச் சரிந்து சிக்கிக்கொள்ளும். பழைய காலுறை ஒன்றுக்குள் போட்டு வாயிலிருந்து இழுத்துக்கொள்ளுங்கள், ஒழுங்காக வரும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கையை உதறி ஓய்வு கொடுங்கள். வலி மறுநாளும் இருந்தால் அந்தக் கயிறு உங்களுக்குத் தடிமன் அதிகம். பல்லைக் கடித்துக்கொண்டு முடிக்க இது பரீட்சை இல்லை.

அடுத்தது கிண்ணமாகும் அடிப்பாகம். இதுதான் எனக்குப் பிடித்த இடம், ஏனென்றால் இதற்குக் கணக்கில் விடை இருக்கிறது.

வட்டம் பின்ன நாம் எல்லோரும் கற்றுக்கொண்டது: சிங்கிள் குரோஷேயில் ஆறு கண்ணியோடு ஆரம்பி, ஒவ்வொரு சுற்றிலும் ஆறு இடத்தில் ஒரே கண்ணியில் இரண்டு போட்டு ஆறு கண்ணி கூட்டு. (சிங்கிள் குரோஷே என்பது குட்டையான, நெருக்கமான அடிப்படைத் தையல். அமெரிக்கப் பெயர்முறையில் சொல்கிறேன்; பிரிட்டிஷ் முறையில் இதையே டபுள் குரோஷே என்பார்கள்.) ஏன் ஆறு? ஒரு சுற்று கூடும்போது வட்டத்தின் ஆரம் ஒரு வரிசை உயரம் கூடுகிறது. எனவே சுற்றளவு, அந்த உயரத்தைப்போல 2π மடங்கு, அதாவது 6.28 மடங்கு கூட வேண்டும். ஒரு கண்ணியின் அகலமும் உயரமும் சமமாக இருந்தால் சுற்றுக்கு 6.28 கண்ணி கூட்ட வேண்டும். ஆறுக்கும் அதற்கும் உள்ள சின்ன வித்தியாசத்தைக் கம்பளி நீண்டு கொடுத்து மறைத்துவிடும். நைலான் மறைக்காது. அதோடு நைலானில் உங்கள் கண்ணி அகலத்தைவிட உயரமாக விழுந்தால் ஆறு என்பது இன்னும் போதாது. சுற்றளவு பற்றாக்குறையானால் ஓரம் உள்ளே இழுக்கும், அடி கிண்ணமாகும்.

அதனால் சின்னச் சதுரம் ஒன்று பின்னி அளந்துவிடுங்கள். பத்துக் கண்ணியின் அகலத்தையும் பத்து வரிசையின் உயரத்தையும் அளந்து, உயரத்தை 6.28-ஆல் பெருக்கி அகலத்தால் வகுத்தால் உங்கள் எண் கிடைக்கும். ஒரு கண்ணி 4 மில்லிமீட்டர் அகலம், 4.5 மில்லிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 4.5 × 6.28 ÷ 4 என்றால் ஏறத்தாழ 7. ஏழு கண்ணியில் ஆரம்பித்து, சுற்றுக்கு ஏழு கூட்டினால் அடி தட்டையாக உட்காரும். எட்டு வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். மாறாக, ஓரம் கூந்தல் மாதிரி அலையலையாக நெளிந்தால் கூட்டியது அதிகம், ஒன்று குறைத்துக்கொள்ளுங்கள். கூட்டும் இடங்களை ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தள்ளித் தள்ளி வையுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக வந்தால் வட்டம் அறுகோணமாகிவிடும், நைலானில் அந்த மூலைகள் பளிச்சென்று தெரியும்.

கம்பளியில் கிண்ணமான அடியைத் தண்ணீரில் நனைத்து, குண்டூசி குத்திக் காயவைத்துச் சரிசெய்திருப்பீர்கள். நைலானிடம் அது பலிக்காது. இழை கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சும்தான். சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் 4 சதவீதம் அளவுக்கு ஈரம் பிடித்து வைத்திருக்கும். ஆனால் காய்ந்ததும் பழைய வடிவத்துக்கே போய்விடும். இஸ்திரிப் பெட்டியால் அழுத்தலாமே என்று தோன்றும். வேண்டாம். குறைந்த சூட்டைத் தாண்டினாலே மேற்பரப்பு பளபளத்து ஒட்ட ஆரம்பிக்கும். வடிவத்தைப் பின்னும்போதே சரியாகக் கொண்டுவந்துவிட வேண்டும்.

அதே சதுரத்தை வைத்து எவ்வளவு கயிறு வேண்டும் என்றும் கணக்கிட்டுவிடுங்கள். 10 மீட்டரை அளந்து அடையாளம் வைத்துப் பின்னி, எத்தனை கண்ணி வந்தது என்று எண்ணுங்கள். 200 வந்ததென்றால், சுற்றுக்கு 60 கண்ணி வீதம் 40 சுற்று உள்ள பையின் உடம்புக்கு 2,400 கண்ணி, அதாவது 120 மீட்டர். அடிக்கும் பிடிக்கும் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். நடுவில் கயிறு தீர்ந்து இணைப்புப் போடுவது நைலானில் எவ்வளவு எரிச்சல் என்று ஒருமுறை பட்டுவிட்டால், இந்த எண்ணும் வேலை சுகமாகத் தெரியும்.

எந்தத் தையல் நல்லது? பைக்குச் சிங்கிள் குரோஷேயை மிஞ்ச ஒன்றுமில்லை. அதைவிடச் சற்று உயரமான ஹாஃப் டபுள் தையலையும் சமாளிக்கலாம். இன்னும் உயரமான டபுள் குரோஷேயில் இடைவெளி பெரிது, பளு ஏறினால் அந்த இடைவெளிகள் வாயைத் திறக்கும். காய்கறி போட வலைப்பை வேண்டுமென்றால் அது வேறு, சங்கிலி வளைவுகளால் ஆன வலைக்கு நைலான் பிரமாதம். சிங்கிள் குரோஷேயில் கயிற்றை ஊசிமேல் சுற்றாமல், ஊசியைக் கயிற்றுக்கு மேலாகக் கொண்டுபோய்க் கொக்கியில் பிடித்து இழுத்தால் கண்ணி பெருக்கல் குறி வடிவில், நெருக்கமாக விழும். சுற்றிச் சுற்றிப் பின்னும்போது கண்ணிகள் ஒரு பக்கமாகச் சாய்வதும் குறையும். பார்க்க அழகு, ஆனால் இறுக்கம். கை வலி தீரும்வரை அதைத் தொடாதீர்கள். கண்ணியின் நடுத்தண்டில் ஊசியை விட்டுப் பின்னும் தையலும் அப்படித்தான். படத்தில் பார்த்து ஆசைப்பட்டு நைலானில் முயன்றேன், நாலு சுற்றோடு கும்பிடு போட்டேன்.

இப்போது நுனிகள். இதில் எனக்கு ஒரு மானக்கேடு உண்டு. முதன்முதலில் பின்னிய பையின் பிடியைச் சாதாரண இரட்டை முடிச்சுப் போட்டு, மீதியைச் செருகி வெட்டிவிட்டேன். புத்தகங்களும் தண்ணீர் பாட்டிலுமாக மாடிப்படி இறங்கும்போது பிடி ஒரு பக்கம் நழுவி, எல்லாம் என்னை முந்திக்கொண்டு கீழே போய்ச் சேர்ந்தன. முடிச்சு அறுந்துவிடவில்லை. ஒவ்வொரு அசைவிலும் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி, தானே அவிழ்ந்திருக்கிறது.

இரண்டு கயிறுகளை இணைக்க மீனவர் முடிச்சின் இரட்டை வடிவம் நம்பகமானது. ஒரு நுனியை மற்ற கயிற்றின்மேல் இரண்டு சுற்றுச் சுற்றி, அந்தச் சுற்றுகளுக்குள்ளேயே நுழைத்து இறுக்குங்கள். மற்ற நுனியையும் எதிர்ப்பக்கமாக அதேபோல் செய்யுங்கள். பிறகு நீண்ட பக்கங்களைப் பிடித்து இழுத்தால் இரண்டு முடிச்சுகளும் ஓடிவந்து முட்டிக்கொண்டு நிற்கும். முடிச்சு பருமனாக இருக்கும், அதை உள்பக்கம் தள்ளிவிடுங்கள். முடிச்சே தெரியக்கூடாது என்றால், திரி இல்லாத கயிற்றில் ஒரு நுனியை மற்றதன் குழல்போன்ற உள்பகுதிக்குள் ஏழெட்டு சென்டிமீட்டர் நுழைத்து, தையல் நூலால் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்துவிடலாம். எனக்கு இதுதான் பிடிக்கும். இரண்டு நுனிகளை உருக்கி ஒட்டுவது பார்க்க மாயாஜாலம் மாதிரி இருக்கும், ஆனால் ஒட்டிய இடம் கண்ணாடி மாதிரிக் கடினமாகி, மடங்கினால் உடையும். எடை தொங்கும் இடத்தில் அதை நம்பவே கூடாது.

மறைக்க வேண்டிய நுனிக்குக் குறைந்தது 15 சென்டிமீட்டர் விடுங்கள். பின்னும்போதே அதைக் கண்ணிகளுக்குள் வைத்துப் பொதிந்து போனால் நல்லது. இல்லையென்றால் பெரிய காதுள்ள ஊசியால் ஏழெட்டுக் கண்ணி ஒரு திசையில் செருகி, ஒரு கண்ணியைத் தாண்டித் திரும்பி வந்து, மூன்றாவதாக வேறு வரிசைக்கு ஏற்றிவிடுங்கள். அதன்பின் பாலியெஸ்டர் தையல் நூலால் நான்கு குத்து. இந்த நான்கு குத்தைத்தான் எல்லோரும் சோம்பேறித்தனத்தில் விட்டுவிடுகிறார்கள். வெட்டிய முனையைச் சுடரின் ஓரத்தில் ஒரு நொடி காட்டினால் இழைகள் ஒன்றாக அடைபடும். உருகிய நைலானை விரலால் உருட்டி மழுங்கச் செய்யாதீர்கள். அது தோலில் ஒட்டிக்கொண்டு சுடும், உதறினாலும் போகாது. ஈரப்படுத்திய கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்துங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அடைத்த முனை கூராக இருந்தால் உடையில் கீறும், கையில் குத்தும். அதைக் கண்ணிக்குள் இழுத்துவிட்ட பிறகே வேலை முடிந்ததாக எண்ணுங்கள்.

பிடியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். தோளில் மாட்டிய பை ஒரு வாரத்தில் முட்டிவரை தொங்க ஆரம்பிக்கும். விரலின் இழுப்புக்கு அசையாத நைலான், பளு தொங்கினால் நீளும். நனைந்தால் இன்னும் கொஞ்சம். குரோஷே கண்ணிகளும் சேர்ந்து நீளும். பிடிக்குள் நீளாத எதையாவது ஓடவிடுங்கள். பாலியெஸ்டர் நாடா ஒன்றையோ, மடிப்பில்லாத நேர்க்கயிற்றையோ நடுவில் வைத்து அதைச் சுற்றிச் சிங்கிள் குரோஷே போட்டு, இரண்டு முனையையும் பையின் உடம்போடு நன்றாகத் தைத்துவிட்டால், எடை முழுவதையும் அந்த நேர்க்கயிறு ஏற்றுக்கொள்ளும். பிடி ஏற்கெனவே பின்னியாகிவிட்டதா? அதன் நீளத்துக்கு ஒரு ஸ்லிப் ஸ்டிச் (உயரம் கூட்டாமல் இழுத்து மட்டும் விடும் தையல்) வரிசை ஓட்டினாலே கணிசமாகக் கட்டுப்படும்.

சில பொருள்களுக்கு நைலான் கூடவே கூடாது. சூடான பாத்திரம் பிடிக்கும் துணி, பாத்திரத்துக்கு அடியில் வைக்கும் மெத்தை இரண்டையும் பருத்தியில் மட்டும் பின்னுங்கள். உருகிய நைலான் கையில் ஒட்டினால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன். குழந்தைகள் தொங்கும் ஊஞ்சல் மாதிரி ஆள் எடை தாங்க வேண்டியதையும் வீட்டில் பின்னி நம்பாதீர்கள். பாத்திரம் தேய்க்கும் நார், குளியல் தேய்ப்பான், சோப்புப் பை, தோட்டத்துக் கூடை, செடி தொங்கவிடும் வலை இதற்கெல்லாம் அருமையான பொருள். சீக்கிரம் காயும், பூஞ்சையும் நைலானைத் தின்னாது. துவைக்கும்போது மட்டும் வெள்ளை நைலானைத் தனியாகத் துவைக்கவும். அடுத்த துணியின் சாயத்தை ஆசையாக வாங்கிக்கொள்ளும்.

கையில் இருக்கும் அந்தக் கிண்ண அடியை என்ன செய்வது? பிரித்துவிடுங்கள். கம்பளியானால் பிரிக்கப் பிரிக்க நூல் பிசிறிவிடும். பின்னிய நைலான் கயிற்றை மூன்று நான்கு முறை பிரித்துப் பின்னினாலும் புதிது மாதிரியே இருக்கும். கோணல் மாணலாகச் சுருண்டிருந்தால் ஒரு நாற்காலி முதுகில் தளர்வாகச் சுற்றி, நனைத்து, கீழே ஏதாவது கனமாகக் கட்டித் தொங்கவிடுங்கள். முழுதாக நேராகாது, பின்னும் அளவுக்கு நேராகும். அதற்குள் மீதிக் கயிற்றில் அந்தச் சதுரத்தைப் பின்னி அளந்து, உங்கள் எண் ஆறா, ஏழா, எட்டா என்று பார்த்து வையுங்கள்.